கருகிய கனெக்டரும் பழைய பேரேடும்

உத்திரமேரூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. படித்ததும் பத்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும், கட்டை விரல் நகமளவு உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு எங்களைப் படுத்திய பாட்டைக் கேட்ட நண்பர்கள், "இதை நம் இதழில் எழுதுங்கள், நாலு கடைக்காரர்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்றார்கள். அதனால் எழுதுகிறோம்.

2023 பிப்ரவரியில் எங்கள் பழைய கூட்டாளியின் மகன் கடைக்கு வந்தார். கூட்டாளி 2001-இல் காலமானவர். அத்தோடு கூட்டு ஸ்தாபனம் கலைந்தது. அவருடைய முதல், லாபப் பங்கு எல்லாவற்றையும் ஐந்தொகை எடுத்து, பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்து முடித்தோம். வந்த பிள்ளை கையில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு. "பெரியப்பா, அம்மாவோட பீரோவில இது கிடைச்சுது. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. இது பைசல் ஆயிட்டுதா இல்லையான்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். பார்த்தால், அவருடைய தாயார் பெயரில் 1-4-1998 அன்று கடையில் 40,000 ரூபாய் வரவு வைத்ததற்கான ரசீது. கையெழுத்து எங்களுடையதே.

கேட்டதும் சுருக்கென்றது. கொடுத்ததாகவும் ஞாபகமில்லை, கொடுக்காததாகவும் ஞாபகமில்லை. பேரேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வருடத்துக் காகிதப் பேரேடுகள் எல்லாம் பரணில் இருந்தவை. 2015 நவம்பர், டிசம்பர் பெருமழையில் ஓடு ஒழுகி, நனைந்து, கூழாகி, எடுத்துக் கொட்டிவிட்டோம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. 1993-இல் வாங்கிய கம்ப்யூட்டர்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 60,000 ரூபாய் ஆனது. 386 என்று சொல்வார்களே, அந்த ரகம். 80 எம்.பி. ஹார்டு டிஸ்க். இன்று கைபேசியில் வரும் ஒரு கல்யாண வீடியோ அதற்குள் அடங்காது. எங்கள் பத்து வருடத்து வரவு செலவு முழுவதும் அடங்கியது. தெரிந்த பையன் ஒருவர் டிபேஸில் எழுதிக் கொடுத்த கணக்குப் புரோகிராமை, நாங்களும் கணக்கப்பிள்ளையும் தட்டித் தட்டிப் பழகினோம். 2003 வாக்கில் அந்த இயந்திரம் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். மதியத்துக்கு மேல் நடு பில்லில் அப்படியே உறைந்து நின்றுவிடும். கரண்டு ஏறி இறங்குவதால் என்று ஸ்டெபிலைசர் வாங்கினோம். அதன் பிறகும் நின்றது. வைரஸ் என்றார் ஒருவர். மெமரி என்று ஒருவர் மாற்றினார். சலித்துப்போய் புதிது வாங்கி, பழையதைத் துணி போர்த்தி மச்சில் ஏற்றிவிட்டோம். புதியதில் அன்றைய பாக்கிகளை மட்டும் கையால் ஏற்றினோம். இந்த 'மதியத்துக்கு மேல் நின்றுவிடும்' என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இருபது வருடம் கழித்து அதை இறக்கித் துடைத்து, யாரையும் கேட்காமல் நாங்களே சுவிட்சைப் போட்டோம். செய்யக்கூடாத காரியம் அது. விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. தேதி செவ்வாய்க்கிழமை, 1-1-1980 என்று காட்டியது. உள்ளே இருந்த பேட்டரி போய்விட்டால் இந்த ரக இயந்திரங்கள் அந்த நாளுக்குத்தான் திரும்பும். ஹார்டு டிஸ்க் இருப்பதையும் மறந்திருந்தது. சிறிது நேரத்தில் திரை உறைந்தது. கூடவே மீன் பொசுங்குவது போல ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால், மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகும் கனெக்டர் ஒன்று வெள்ளை நிறம் போய், கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. தொட்ட விரலை உடனே எடுத்துவிட்டோம்.

எங்கள் பேரன், "தாத்தா, டிஸ்க்கை மட்டும் கழட்டி அடாப்டர்ல போட்டுப் பார்க்கலாம்" என்றான். நல்ல யோசனைதான். காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வந்து போட்டான். அது டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால்தான் காரணம் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்து டிஸ்க்குகள் பல, சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் இடம் சொல்லும் பழைய முறையில் மட்டுமே பேசும். இன்றைய அடாப்டர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆக, அதன் சொந்த இயந்திரத்தை எழுப்பினால்தான் கணக்கு வெளியே வரும்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த மெக்கானிக் ஒருவர் இப்போதும் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். தகவல் சொன்னதும் மறுநாளே பஸ் ஏறி வந்தார். வந்தவர் சுவிட்சைத் தொடவே இல்லை. முதலில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். "முதலாளி, உங்க கம்ப்யூட்டருக்கு வியாதியே இல்லீங்க. சாப்பாடு போற வழியில அடைப்பு. அவ்வளவுதான்" என்றார்.

அவர் விளக்கியதை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

நம் கடையில் 100 வாட் குண்டு பல்பு எரிந்த காலத்தில், 230 வோல்ட்டில் அது இழுத்த கரண்டு அரை ஆம்பியர் கூடக் கிடையாது. அதே 100 வாட்டை 5 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 20 ஆம்பியர் ஓட வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களின் போர்டு முழுவதும் 5 வோல்ட்டில் ஓடுவது. வயலில் உள்ள 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரின் ஒரு பேஸில் ஓடுவது சுமார் 7, 8 ஆம்பியர்தான். மேசை மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் பம்பு செட்டுக்கு ஈடான ஆம்பியர் ஓடுகிறது என்று எங்களுக்கு அதுநாள் வரை தெரியாது.

இந்த ஆம்பியர் எல்லாம் கம்பியில் போகும்வரை கவலையில்லை. கம்பி முடிந்து, பின்னும் அதைக் கவ்வும் தகடும் தொடும் இடத்தில்தான் சங்கடம். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருப்பது போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் ஊசிமுனை போன்ற சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. அந்தப் புள்ளிகளை அழுத்திப் பிடிப்பது தகட்டின் ஸ்பிரிங் விசை. தினமும் காலையில் சூடாகி இரவில் ஆறும்போது பின்னும் தகடும் மயிரிழை அளவு உரசுகின்றன. மேலே பூசிய வெள்ளீயம் தேய்ந்து, காற்றுப்பட்டுக் களிம்பாகிறது. களிம்பு கரண்டைத் தடுக்கும். தடுத்தால் சூடு. சூட்டில் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் இன்னும் தடை, இன்னும் சூடு. கடன் வாங்கி வட்டி கட்டி, அந்த வட்டிக்கு மறுபடி கடன் வாங்குவது போல ஏறிக்கொண்டே போகும்.

கரண்டு இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். இது முக்கியம். எங்கள் கம்ப்யூட்டரின் கனெக்டரில் 5 வோல்ட்டுக்கு நான்கு சிவப்பு ஒயர்கள், திரும்பி வர நான்கு கறுப்பு ஒயர்கள். நாலு பேர் தோளில் தூக்கும் மூட்டை மாதிரி. ஒருவன் தோளைத் தளர்த்தினால் பாரம் மற்ற மூவர் மேல் விழுகிறது. பிறகு இருவர் மேல். கடைசிவரை நேர்மையாகத் தூக்குகிறவன்தான் முதலில் கருகுகிறான்.

மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினார். இயந்திரம் ஓடும்போது பெட்டிப் பக்கத்து ஒயரில் 5.02 வோல்ட். இரண்டு அங்குலம் தள்ளி போர்டில் 4.61. சாதாரணமாக 4.75-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது கணக்கு. நடுவில் காணாமல் போன 0.41 வோல்ட் எங்கே? 5 ஆம்பியர் ஓடினால் 2 வாட். அந்த 2 வாட்டும் ஏலக்காய் அளவு இடத்தில் சூடாக உட்கார்ந்து பிளாஸ்டிக்கைச் சமைத்துக்கொண்டிருந்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது 4.8 இருந்திருக்கும். மதியத்துக்குள் சூடேறி 4.6-க்கு இறங்கும். போர்டு மயங்கி நிற்கும். இருபது வருடத்துக்கு முன் ஸ்டெபிலைசருக்கும் மெமரிக்கும் நாங்கள் தண்டம் அழுதது இதற்காகத்தான்! சுவரில் கரண்டு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் பெட்டிக்குள்ளே சுங்கச்சாவடி போட்டு ஒருவன் வசூலித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டோம். பியூஸ் என்பது அளவுக்கு மீறிய கரண்டு ஓடினால்தான் அறுந்துபோகும். இங்கே ஓடியது வழக்கமான கரண்டு. சொல்லப்போனால் தடையால் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கலாம். பியூஸுக்கும் எம்.சி.பி.க்கும் லூஸ் காண்டாக்ட் கண்ணில் படாது. பூமிக்குக் கசியும் கரண்டைப் பிடிக்கும் கருவிக்கும் படாது. மூக்குக்கும் கைக்கும்தான் படும்.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறோம். பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிலராவது நம் வாசகர்களில் இருப்பார்கள்.

பின்னை உப்புத்தாளால் தேய்த்து, தகட்டை நெருக்கி மறுபடி மாட்டினால் என்ன என்று நாங்கள்தான் அவசரப்பட்டோம். அவர் சிரித்தார். தேய்த்தால் மிச்சம் உள்ள பூச்சும் போய்விடும். ஒரு மாதம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகும். சூட்டில் விசை இழந்த தகட்டை நெருக்கினாலும் நிற்காது. ஆகவே கூடும் மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் தகடுகளும் மாற்ற வேண்டும். கருகிய இடத்தில் ஒயரின் மேல்தோல் விறைத்து, செம்பும் கறுத்திருந்தது. செம்பு பளபளவென்று தெரியும்வரை பின்னோக்கி வெட்டினார். ஓர் அங்குலத்துக்கு மேல் போயிற்று. 3.96 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள கூடும் தகடுகளும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. விலை ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு. போய்வந்த பஸ் கட்டணம்தான் அதிகம். தகடுகளை ஒயரோடு அதற்கென உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தினார். சாதாரண குறடால் நசுக்கினால் அதுவே அடுத்த லூஸ் காண்டாக்ட் என்றார்.

பிறகு போர்டைத் திருப்பினார். பின்கள் போர்டில் பற்றவைத்திருக்கும் இடத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஈயத்தைச் சுற்றி மயிரிழையாக ஒரு வளையக் கீறல். மேலே கனெக்டரை மாற்றிவிட்டுக் கீழே இதை விட்டிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, போர்டில் நிற்கும் பின் வரிசையையும் புதிதாகப் போட்டுப் பற்றவைத்தார்.

போர்டின் மூலையில் பீப்பாய் வடிவில் ஒரு குட்டி பேட்டரி. அது கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. இந்த ரக நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கசியும் திரவம் காரத்தன்மை உள்ளது. போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். அதை வெட்டி எடுத்து, வினிகர் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தார். அதற்குப் பதில் மூன்று பென்டார்ச் செல்களை ஒரு சிறு டப்பாவில் வைத்து, போர்டை விட்டுத் தள்ளி ஒயரில் தொங்கவிட்டார். பழைய கம்ப்யூட்டரை மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்தப் பேட்டரியை மட்டுமாவது இன்றே எடுத்துவிடுவது நல்லது.

மின்சாரப் பெட்டியை அவர் திறக்கும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அதன் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இருக்கும். தெரியாதவர் கை வைக்கும் இடம் அல்ல. இந்தப் பழைய பெட்டிகளுக்கு இன்னொரு குணம், சுமை இல்லாமல் ஓடாது. போர்டில் மாட்டுவதற்கு முன் ஒரு கார் பல்பைச் சுமையாகக் கொடுத்து வோல்ட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகே போர்டில் மாட்டினார்.

மாட்டும்போது ஒரு விஷயத்தை எங்களை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். இந்தக் கனெக்டர் இரண்டு துண்டு. பி-8, பி-9 என்று பெயர். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றி மாட்டினாலும் உட்கார்ந்துவிடும். அப்படி மாட்டி சுவிட்சைப் போட்டால் போர்டு கதை முடிந்தது. 'கறுப்போடு கறுப்பு' என்பது பாடம். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும். இதைத் தெரியாமல் எரித்த போர்டுகளின் கணக்கு தன்னிடம் இருப்பதாகச் சொன்னார், யார் எரித்தது என்று மட்டும் சொல்லவில்லை.

இது நம் ஊர்ப் பழுது மட்டும் அல்ல. ஐ.பி.எம். கம்பெனி 1981-இல் வெளியிட்ட முதல் பெர்சனல் கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டி வெறும் 63.5 வாட். 1984-இல் வந்த ஏ.டி. என்ற ரகத்தில் 192 வாட். மூன்று வருடத்தில் சுமை மூன்று மடங்கு ஆனது. கனெக்டர் மட்டும் அதே இரண்டு துண்டு. உலகம் முழுவதும் அதைப் பார்த்துச் செய்த இயந்திரங்களே நமக்கு வந்தவை. 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்து, மாற்றி மாட்ட முடியாத ஒரே 20 பின் கனெக்டர் ஆக்கியது. பிறகு அது 24 பின் ஆனது. அத்துடன் தீர்ந்ததா என்றால் இல்லை. 2022-இல் படம் காட்டும் விலை உயர்ந்த கார்டு ஒன்றுக்கு 600 வாட் வரை தாங்கும் சின்னக் கனெக்டர் ஒன்று வந்தது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின்களில் பங்கு போட்டால் பின்னுக்கு 8 ஆம்பியருக்கு மேல். அந்த வருடக் கடைசியிலேயே பல நாடுகளில் அது உருகிய படங்கள் வந்தன. முழுவதும் உள்ளே அழுத்தி மாட்டாததும் ஒரு காரணம் என்று கார்டு செய்த கம்பெனியே சொன்னது. அடுத்த வருடம் பின் நீளத்தை மாற்றி அமைத்தார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் விலை உள்ள சரக்கு, நாற்பது வருடத்துப் பழைய வியாதி.

இயந்திரம் உயிர் வந்ததும் மெக்கானிக் அதை இரண்டு மணி நேரம் சும்மா ஓடவிட்டார். கனெக்டரை அவ்வப்போது தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு கூட இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் மனிதர் சும்மா இருக்கவில்லை, எங்கள் கடை மெயின் போர்டைப் பார்த்துவிட்டார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த அதே வியாதி கடையில் நான்கு இடத்தில் இருந்தது. குளிர்பானப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். ஒரு பின் நீலம் பாரித்து, சாக்கெட்டின் வாய் பழுப்பாகியிருந்தது. முன்பு 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று நாம் சொன்ன சாக்கெட்டுகளில் இப்போது 6, 16 என்று அச்சிடுகிறார்கள். குளிர்பானப் பெட்டி நிற்க வேண்டியது பெரியதில். நாங்கள் ஒரு மாற்றுப் பிளக் போட்டுச் சின்னதில் சொருகியிருந்தோம், அதே சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் எலக்ட்ரானிக் தராசு, பில் மிஷின், எறும்பு வராமல் இருக்க ஒரு லைட்டு!

மெயின் போர்டில் ஒயர் முனைக்கு ஈயம் பூசி ஸ்குரூவில் முறுக்கியிருந்தார்கள். நாங்களே அந்த நாளில் ஒயர்மேனிடம் "நல்லா ஈயம் வெச்சுக் குடுப்பா" என்று கேட்டு வாங்கிய வேலை. அது தப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. ஈயம் மெதுவான உலோகம். ஸ்குரூ அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி ஒதுங்கிவிடும். பிறகு பிடி தளரும். முனைக்குச் சரியான லக் போட்டு அழுத்திப் பூட்டுவதுதான் முறை. வெளியே மீட்டரிலிருந்து வரும் அலுமினியக் கம்பியைச் செம்புக் கம்பியோடு வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்ததும் அப்படியே. இரண்டு உலோகம் நேராகச் சேர்ந்தால் அரிப்பு விரைவாக வரும், நடுவில் அதற்கென உள்ள இணைப்பான் வேண்டும்.

அவர் அதிகம் பயந்தது நியூட்ரல் கம்பியைப் பார்த்துத்தான். மும்முனை இணைப்பு உள்ள கடைகளில் நியூட்ரல் தளர்ந்து முழுவதும் விட்டுப்போனால், ஒரு பேஸில் உள்ள பல்புக்கும் இன்னொரு பேஸில் உள்ள தராசுக்கும் நடுவில் 400 வோல்ட் வரை பங்கு பிரியும். சுமை குறைந்த பக்கத்துக்கு அதிக வோல்ட் போய்ச் சேரும். பல்பு, தராசு, பில் மிஷின், கேமரா எல்லாம் ஒரே நொடியில் போகும். எங்கள் நியூட்ரல் ஸ்குரூவை அவர் திருகியபோது முக்கால் சுற்று போயிற்று. சாக்கு மூட்டை அடுக்கிய குடோன் சுவருக்கு மறுபுறம் அந்த போர்டு இருக்கிறது. அன்றிரவு எங்களுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வாரமே நான்கையும் மாற்றினோம். இப்போது ஒவ்வொரு மாதமும் அமாவாசையன்று, வியாபாரம் மந்தமாக இருக்கும் மாலை நேரத்தில், பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கின் மேல்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறோம். வெதுவெதுப்பு இருந்தால் நிறுத்திப் பார்க்கிறோம். போர்டை நாங்கள் தொடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன், லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை நிறுத்தி ஸ்குரூக்களை முடுக்கச் சொல்கிறோம். பூஜைக்கு எப்படியும் துடைக்கத்தானே வேண்டும்.

சரி, பேரேட்டுக்கு வருகிறோம்.

ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் அந்த மூன்று எண்களும் அச்சாகியிருந்தன. மெக்கானிக் அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து ஏற்றினார். டிஸ்க் முதலில் ஒரு முனகல் முனகியது, பிறகு சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எங்கள் கூட்டு ஸ்தாபனத்தின் பெயர் வந்தபோது, அதன் கீழே கூட்டாளியின் பெயரும் எங்கள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீ வரவழைத்தோம்.

தாயார் பெயரில் உள்ள பக்கத்தைத் தேடினோம். 1-4-1998 வரவு 40,000. 12 சதவீத வட்டி, வருடம் 4,800. 31-3-1999, 31-3-2000, 31-3-2001 மூன்று தேதியிலும் வட்டி வரவு. மொத்தம் 54,400. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பற்று ஒரு வரி கூட இல்லை. கூட்டாளி இறந்த வருடம் ஐந்தொகை எடுத்தபோது, முதல் கணக்கும் லாபக் கணக்கும் பார்த்தோமே தவிர, தனி நபர் டெபாசிட்டு என்று வேறு பக்கத்தில் இருந்த இது விட்டுப்போயிருக்கிறது. 2003-இல் புதிய கம்ப்யூட்டருக்குப் பாக்கிகளைக் கையால் ஏற்றியபோதும் விட்டுப்போயிற்று. விட்டது நாங்கள்தான். கணக்கப்பிள்ளையைச் சொல்லிப் பயனில்லை, கையெழுத்துப் போட்டது நாங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருப்பதை எல்லோரும் அறிவார்கள். குடவோலை முறையைப் பற்றிச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்ததைவிட, வாசலில் செருப்பு விடும்போது அதைப் பார்த்ததுதான் அதிகம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும், மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. ஆயிரத்து நூறு வருடமாக அது அங்கே இருக்கிறது, கனெக்டர் எதுவும் தேவைப்படாமல். அன்று மாலை கோயிலுக்குப் போனபோது அந்தப் பக்கம் கண் போயிற்று, திருப்பிக்கொண்டோம்.

இவ்வளவு காலம் கழித்துச் சட்டம் என்ன சொல்லும் என்று ஆடிட்டரிடம் நாங்கள் கேட்கவில்லை. 2001-க்குப் பிறகு 22 வருடத்துக்கும் அதே 12 சதவீதம், முதலுக்கு மட்டும் தனிவட்டி போட்டோம். 1,05,600. ஆக 31-3-2023 தேதிக்கு 1,60,000. கூட்டாளியின் மகன், "வட்டி வேணாம் பெரியப்பா, முதலைக் குடுத்தா போதும், அம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வட்டியோடு வரவு வைத்தது உன் அப்பா, அவர் எழுதிய விகிதத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, காசோலையை அந்த அம்மாளின் பெயரிலேயே எழுதினோம்.

பிரிண்டரில் ரிப்பன் காய்ந்துபோயிருந்தது. புது ரிப்பன் தேடி வாங்கி, அந்த ஒரு பக்கத்தையும், பிறகு எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்தோம். மூன்று நாள் பிடித்தது. கடைத்தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பழைய கரகர சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் பிளாப்பியில் சுருக்கி எடுத்து, பேரனுடைய கம்ப்யூட்டரில் இரண்டு பிரதி வைத்தார். கனெக்டரின் கருகிய கூட்டை எங்களிடமே கொடுத்துவிட்டார். அது கல்லா மேசையில், சில்லறைத் தட்டில் கிடக்கிறது. காசோலையை வாங்கிக்கொண்டு போன அன்று அந்த அம்மாள் கடைக்குள் வந்து உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவா இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்துது?" என்று கேட்டார். மறைத்தது அது இல்லை என்று சொன்னோம்.